சந்தனமாரியின் மங்கல்

உடையங்கரை உப்பளத்திலிருந்து கண் அறுவைக்குப் போனவர்கள் திரும்பி வந்தபோது, அவர்கள் கண்ணிலிருந்து எடுக்கப்பட்ட மங்கலும் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது என்பதில் சொல்பவர்களுக்குள் வேறுபாடு இல்லை. முன்படி வழியாக இறங்கியதா, பின்படி வழியாக இறங்கியதா என்பதில்தான் வேறுபாடு. தெற்கு வரிசை வீட்டார், மங்கல்கள் முன்படி வழியாக, அவரவர் உடையவருக்குப் பின்னால், ஒவ்வொன்றாக, மரியாதையாக இறங்கின என்பார்கள். வடக்கு வரிசையார், பஸ் நின்றதும் பின்படியில் வெளுப்பு பொங்கி வழிந்ததாகவும், தரையில் விழுந்த பிறகே எது யாருடையது என்று பிரிந்து போய் நின்றதாகவும் சொல்வார்கள். உப்பு ஏற்றவரும் லாரி ஓட்டுநர்களின் வடிவத்தில் பஸ்ஸே கிடையாது. மங்கல்கள் சாலையோரமாக நடந்து வந்தன. ஓட்டுநர்கள் எந்தக் கதையையும் சாலையில் நடந்ததாகவே சொல்பவர்கள் என்பதால் அதைத் தள்ளிவிடலாம்.

ஒரு மங்கல் கன்றுக்குட்டி அளவு இருந்தது. சோறு வடித்த கஞ்சி ஆறியபின் மேலே ஓர் ஆடை படருமே, அந்த நிறம். அது உடையவருக்கு ஓரடி பின்னால் வந்தது. அவர் உட்கார்ந்தால் தாழ்ந்தது, எழுந்தால் எழுந்தது, அவர் வீட்டுக்குள் போனால் நிலைப்படியைத் தாண்டாமல் வெளியே கூரை இறவாரத்தின் கீழ்ச் சுருண்டுகொண்டது. அதற்குள் தலையை நீட்டியவருக்கு, அதற்கு உடையவர் அறுவைக்கு முன்பு உலகத்தை எப்படிக் கண்டாரோ அப்படியே தெரிந்தது: சிலருடையதில் எல்லாம் பழைய கண்ணாடி டம்ளர் வழியாகப் பார்ப்பதுபோல், சிலருடையதில் ஆளுக்கு முகமில்லாமல் நிறம் மட்டும், சிலருடையதில் வெயிலின் இடம் தவிர வேறொன்றும் இல்லாமல்.

அவர்கள் போனது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும்; நாற்பது வயதில் பார்வை மங்குவதை அங்கே யாரும் நோயாகக் கருதியதில்லை, பல் விழுவதைப்போல அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டார்கள். நகரத்து மருத்துவமனை ஒன்றை நடத்திவந்த ஒளிக்கரை அறக்கட்டளை, குளிர் நாடுகளில் வாழும் கொடையாளர்கள் அனுப்பிய வில்லைகளைக் கொண்டு ஏழைகளுக்குக் காசு வாங்காமல் கண்புரை எடுத்து, வில்லை வைத்து, கறுப்புக் கண்ணாடியும் ரொட்டியும் கொடுத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் முகாம் அமைப்பாளர் ஞானதிரவியம், தோளில் ஒலிபெருக்கியும் குதிகாலில் ஆறாத வெடிப்புமாகக் கடற்கரையோர ஊர்களையெல்லாம் பல ஆண்டுகளாகச் சுற்றிவந்தவர். ஒருவரைப் பஸ்ஸில் ஏற்ற அவருடைய மகனையும் மருமகளையும் தூரத்துச் சித்தப்பாவையும் தனித்தனியே சம்மதிக்க வைக்கவேண்டும் என்பதை அறிந்தவர். பல முறை வெறும் பஸ்ஸோடு திரும்பிய பிறகு, ஒரு கார்த்திகையில்தான் உடையங்கரையில் ஒரு பஸ் நிரம்பியது. அறுவை எந்தக் கண்ணுக்கோ அந்தக் கண்ணுக்கு நேரே, புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அவர்கள் போனார்கள். பார்வையோடும் மங்கலோடும் வந்தார்கள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. நாய்கள் முதலில் ஏற்றுக்கொண்டன. பகல் முழுதும் மங்கலுக்குள் படுத்துத் தூங்கின. பிறகு மீன்காரி தன் கூடையை அதன் குளுமையில் வைத்தாள். குளிக்கும் பெண்கள் தட்டி கட்டுவதை விட்டுவிட்டு, மங்கலுக்கு உடையவளான ஒரு கிழவியைக் குழாயடிக்கு அழைத்துவந்து உட்கார்த்தி வைத்தார்கள். சீட்டாடுகிறவர்கள் அதற்குள் உட்கார்ந்து ஆடிப் பார்த்து, ஒருவர் சீட்டு ஒருவருக்குத் தெரியாததோடு தம் சீட்டும் தமக்குத் தெரியாததால் கைவிட்டார்கள். "ஒம் மங்கல அங்கிட்டு ஓட்டிட்டுப் போ, எங்க வத்தல் காயமாட்டேங்கு" என்று சண்டைகள் வந்தன. இசக்கியம்மன் கோயில் கொடைத் திருவிழாவின்போது திருநீறு வாங்க நின்ற வரிசையில் ஆட்களுக்கு இடையிடையே மங்கல்களும் நின்றன. பூசாரி சற்றுத் தயங்கி, பிறகு அவற்றுக்கும் ஒரு சிட்டிகை தூவிவிட்டு அடுத்தவரிடம் போனார். தைக்கு முன் பெய்த பின்மழையில் நனைந்த மங்கல்கள் சாக்குப்போல் கனத்து, நகரமாட்டாமல் நின்ற இடத்திலேயே நிற்க, உடையவர்களும் மழை ஓய்ந்து அவை காயும்வரை இறவாரத்தை விட்டு அகலாமல் கிடந்தார்கள். அதையும் ஊர் ஒரு குணமாக அறிந்துகொண்டது, இந்த மாட்டுக்குக் காது கேட்காது, அந்தக் கிணற்றில் கயிறு பற்றாது என்று அறிந்துகொள்வதைப்போல.

குளிர் நாட்டிலிருந்து கொடையாளர்கள் மூவர் வந்தார்கள். பார்வை பெற்றவர்களை வரிசையாக நிற்கவைத்து, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டார்கள். மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள், அதைச் சொன்னார்கள். எடுத்த படங்களிலெல்லாம் ஆட்களுக்குப் பின்னால் வெளுத்துப்போயிருந்தது. வெயில் அதிகம், நேரம் சரியில்லை என்று புகைப்படக்காரர் வருந்தினார்.

பங்குனி பிறந்ததும் தொல்லை தொடங்கியது.

உப்பு என்பது வெயில், வேறொன்றும் இல்லை. பாத்தியில் தேக்கிய கடல்நீரை வெயில் குடித்து மீதி வைப்பதைத்தான் மனிதர்கள் வாருகிறார்கள். பார்வை பெற்றவர்கள் புதுக் கண்ணோடும் உப்பு வாரும் பழைய பலகையோடும் பாத்தியில் இறங்கியபோது அவர்களுடைய மங்கலும் பின்னால் இறங்கியது. அது நின்ற இடத்தில் வெயில் படவில்லை. வெயில் படாத இடத்தில் உப்பு பூக்கவில்லை. அளத்தின் கங்காணி அணைஞ்சபெருமாள், உடையங்கரையில் யார் எங்கே நிற்பது, எங்கே வாருவது, யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதையெல்லாம் தீர்மானிப்பவர், ஒவ்வொரு பாத்தியிலும் கால் விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இது கடத்தண்ணி. உப்பு இல்ல," என்றார் ஓரிடத்தில். அடுத்த இடத்திலும் அதையே சொன்னார்.

அப்போது ஊர் செய்த காரியம், உப்பளத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. கலங்கலானதும் வெளுத்ததுமான எதையும் தேக்கி வைத்தால் கெட்டியாகும், கெட்டியானதை வாரிக் குவிக்கலாம், குவித்ததை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்று அவர்கள் பாட்டன் காலத்திலிருந்தே கண்டிருந்தார்கள். எனவே கோடியில் தரிசாய்க் கிடந்த ஒரு பெரிய பாத்தியின் வரப்பை உயர்த்தி, தரையை மிதித்து இறுக்கி, மங்கல்களை அதற்குள் விட்டு, விளையக் காத்திருந்தார்கள். மங்கல் உடையவரை விட்டு விலகாது என்பதால் உடையவர்களும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. காலையில் போய் உட்கார்ந்தார்கள், மாலையில் எழுந்து வந்தார்கள், சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று. வெயில் பட்டால்தானே கெட்டியாகும், வெயிலை மறிப்பதே அதுவாக இருக்கும்போது எப்படிக் கெட்டியாகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டார்கள், ஆனால் மெதுவாகக் கேட்டார்கள் என்பது தெற்கு வரிசையாரின் வடிவம். பாத்தி குளிர்ந்துபோய், கொக்குகள் வந்து ஒற்றைக் காலில் தூங்கின.

முடிவில், வேலைக்கு ஆகாத கிழவர் இருவரை மட்டும் சோதனைக்காகத் தரிசு வரப்பிலேயே விட்டு, மற்றவர்களை உப்பு அம்பாரத்துக்கு மாற்றினார்கள். விளைந்து முடிந்து குவித்த உப்புக்கு நிழலால் கேடில்லை. மூட்டை பிடிப்பதும் லாரி ஏற்றுவதுமாக அங்கே வேலையும் இருந்தது. ஆனால் இருந்த வேலை இருந்த ஆட்களுக்கே சரியாகப் போயிற்று. இனி ஒரு மங்கலுக்கு அம்பாரத்தில் இடமில்லை, பாத்தியில் வரக்கூடாது, வீடுகளோ பாத்திகளுக்கு நடுவே இரண்டு வரிசையாக இருப்பதால் வரப்புகளைக் கடக்காமல் எந்த வீட்டுக்கும் போகமுடியாது. ஆகவே தரிசுப் பாத்தியில் கெட்டியாவது தெரியும்வரை உடையங்கரையிலிருந்து யாரும் கண்ணுக்குப் போகவேண்டாம் என்று அணைஞ்சபெருமாள் சொன்னார். அவர் சொன்னதில் கொடுமை ஒன்றும் இல்லை. உப்பு இல்லாவிட்டால் உடையங்கரை இல்லை என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

அறக்கட்டளையின் அலுவலகம், உடையங்கரையிலிருந்து இவ்வாண்டு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை என்று கேட்டு, விழிப்புணர்வு போதவில்லை என்ற முடிவுக்கு வந்து, ஒரு நாடகக் குழுவை அனுப்பியது. அதில் ஒருவர் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு கண்புரையாக நடித்து, மருத்துவர் வேடமிட்டவரால் விரட்டப்பட்டார். அம்பாரத்து ஆட்கள் தத்தம் மங்கல்களோடு முன்வரிசையில் உட்கார்ந்து அதை அமைதியாகப் பார்த்தார்கள்.

"இவன் இவ்வளவு வேகமா ஓடுதானே, நம்மது நகரவே மாட்டேங்கே," என்று ஒருவர் மட்டும் சொன்னார்.

இனிச் சந்தனமாரிக்கு வரவேண்டும். அளத்தில் வாரும் கொம்பையாவின் அக்காள் அவள்; மணமான ஆண்டே கணவனைக் கடலில் இழந்து, தம்பி வீட்டில் இருந்துகொண்டு, தலையில் உப்புக்கூடை ஏறிய நாளிலிருந்து அதை இறக்காதவள். அவளுக்கு இரண்டு கண்ணும் வெளுத்திருந்தன. முதல் பஸ்ஸில் அவள் போகாததற்குக் காரணம் எளியது: அப்போது கொம்பையா வீட்டில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்தது, அம்மை போட்ட வீட்டிலிருந்து ஊர்விட்டு யாரும் போகமாட்டார்கள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். ஆடியில் ஞானதிரவியத்தோடு வந்து சோதித்த மருத்துவர், சிறிய விளக்கை அவள் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, வலக்கண்ணில் புரை முற்றிப் போயிற்று, வரும் மழைக்கு முன்னால் எடுக்காவிட்டால் உள்ளேயே உடைந்து கண்ணே போய்விடும், பிறகு எந்த ஊர் மருத்துவராலும் ஒன்றும் செய்யமுடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவணியில் பஸ் வரும். அதை விட்டால் அந்தக் கண் அவளுக்கு இல்லை.

"மதினி, கொழம்புல ரெண்டு தடவ உப்பு போட்டிருக்கிய," என்றாள் கொம்பையாவின் மனைவி பேச்சித்தாய்.

"உப்பளத்துல வாக்கப்பட்டுட்டு உப்புக்குப் பயந்தா முடியுமாட்டி?"

"சிரிப்பா இருக்கா? நேத்து தண்ணிக் கொடத்துல முட்டி ஒடச்சிய. முந்தா நாளு வரப்புல விழுந்து எந்திரிச்சு வந்திய. பாத்து நடக்கப்பிடாதா?"

"பாத்துத்தான் நடந்தேன். வரப்புதான் என்னப் பாக்கல."

பேச்சித்தாய் குழம்பில் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டே, "அப்படி எதப் பாக்கணும்னு இந்தத் துடி துடிக்கிய?" என்று கேட்டாள்.

"வரப்பத்தான். வேறென்ன இருக்கு இங்க பாக்க? விழாம நடக்கணும். நீ போடுத சோத்த நான் ஒழச்சுத் திங்கணும்."

மறுநாள் அவள் பேச்சித்தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு அம்பாரத்துக்குப் போனாள். அணைஞ்சபெருமாள் லாரிக்கு அருகில் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, நான் இந்தப் பஸ்ஸுல போறேன்."

"போயி?"

"போயிட்டு வாரேன்."

"அத எங்க நிறுத்துவ தாயி? இங்க எடமில்ல. பாத்தியில நின்னா உப்பில்ல. தரிசுல இருக்கது கெட்டியாகட்டும், பெறவு போ."

"அது கெட்டியாகுததுக்குள்ள என் கண்ணு ஒடஞ்சிருமாம்."

"இத்தன வருசம் அந்தக் கண்ண வச்சுத்தான சொமந்த? நான் ஒரு கொற சொன்னது உண்டா?"

"சொன்னிய அண்ணாச்சி. நெதம் சொன்னிய."

மூட்டை பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அணைஞ்சபெருமாள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. களைத்த குரலில், பாத்தி பிரித்துக் கொடுப்பதுபோல அளந்து சொன்னார்: "ஒன்னப் போகாதன்னு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? போ. கண்ணோட வா. ஆனா அதோட உள்ள வராத. சாலையோட நின்னுக்கோ."

"மழைக்காலத்துலயாவது வரலாமா?"

"மழையில நனஞ்சா நகராதே. உள்ள வந்து ஊறிட்டுன்னா வெயிலுக்கும் இங்கயே கெடக்கும். நீயும் கெடப்ப."

அவர் சொன்னது சரி என்பதை அவள் அறிந்திருந்தாள்; அதுதான் அதில் இருந்த துன்பம். பேச்சித்தாய் திரும்பும் வழியெல்லாம் அவரை ஏசிக்கொண்டு வந்தாள், பிறகு மதினியை ஏசினாள், பிறகு இருவரையும் படைத்த சாமியை ஏசினாள். வீட்டுக்கு வந்ததும், "வேண்டாம் மதினி. நாங்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம். இங்கயே இருந்துருங்க," என்றாள். பஸ்ஸுக்குப் பெயர் கொடுக்க எண்ணியிருந்த மற்றவர்கள், சாலையோடு நிற்கவேண்டும் என்பதைக் கேட்டதும், பார்வையில்லாமல் வீட்டில் இருப்பதே மேல் என்று ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கண் தெரியாவிட்டாலும் வீட்டுச் சுவர் கைக்குத் தெரியும்.

ஆவணியில் பஸ் சாலைத் திருப்பத்தில் வந்து நின்றபோது ஒருத்திதான் ஏறினாள்.

"ஒரு ஆளுக்கா இந்தப் பஸ்ஸக் கொண்டுவந்தேன்?" என்றார் ஞானதிரவியம்.

"அரை ஆளுதான் சார். ஒரு கண்ணுக்குத்தான போறேன்."

ஒரு முறைக்கு ஒரு கண்தான் செய்வார்கள். மற்றது அடுத்த ஆண்டு. வலக்கண் பழுத்திருந்ததால் அதற்கு நேரே பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு, அவர் அவளுக்குப் பின்னால் இருக்கையில் சாய்ந்துகொண்டார். பஸ் வெகுதூரம் போன பிறகு கேட்டார்: "திரும்பி வரும்போது எங்கம்மா எறக்கிவிட?"

"ஏறின எடத்துலயே."

"அது வெறும் சாலையில்லா? மழ வந்தா?"

"கண்ணு குடுக்கிய. கூட ஒரு கூரையும் சேத்துக் குடுத்தா நல்லாயிருக்கும்."

"அது எங்க திட்டத்துல இல்லம்மா," என்றார் அவர். பலமுறை பல ஊர்களில் சொல்லித் தேய்ந்த வாக்கியமாக அது இருந்தது. சற்றுப் பொறுத்து, "இருந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றும் சொன்னார்.

மருத்துவமனையில் கட்டு அவிழ்த்தபோது அவள் முதலில் கண்டது எது என்பதில் பல வடிவங்கள் உண்டு. சிலர் சாமி படம் என்பார்கள், சிலர் மருத்துவரின் முகம் என்பார்கள். பேச்சித்தாய் சொல்வதுதான் நம்பத்தக்கது, ஏனெனில் அவள் ஒருத்தியே சந்தனமாரியிடம் கேட்டவள். எதிரே பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்த ஞானதிரவியத்தின் குதிகால்களை அவள் முதலில் கண்டாள்; "இதுக்குக் களிம்பு போடப்பிடாதா சார்?" என்று கேட்டாள், அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாலைத் திருப்பத்தில் ஒரு நிழற்குடை இருந்தது. யாருடைய நிதியிலோ கட்டி, கட்டியவர் பெயர் உதிர்ந்து, கூரையில் பாதி போய், உள்ளே ஒரு சிமெண்டு பெஞ்சு மட்டும் முழுதாக மிச்சமிருந்தது. சந்தனமாரி அங்கே இறங்கினாள். அவளுடைய மங்கல் பின்னால் இறங்கியது. அது கன்றுக்குட்டி அளவல்ல, வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி அளவு இருந்தது. நிழற்குடைக்குள் அடங்காமல் இரண்டு பக்கமும் வழிந்து சாலையோரத்தில் படிந்தது. ஒரு கண்ணிலிருந்து எடுத்ததே இவ்வளவா என்று ஞானதிரவியமே வாய்விட்டுக் கேட்டார்.

அவள் பெஞ்சில் அமர்ந்து ஊரைப் பார்த்தாள். பிறந்தது முதல் அதற்குள்ளேயே நடந்து, அதற்குள்ளேயே சுமந்து, அதற்குள்ளேயே விழுந்து எழுந்த அந்த ஊர், வெள்ளைச் சதுரங்களும் அவற்றைப் பிரிக்கும் மண்கோடுகளுமாக, நடுவே இரண்டு வரிசை ஓட்டு வீடுகளும், ஒரு கொடியில் பேச்சித்தாயின் அரக்குச் சேலையும், கோடியில் தரிசுப் பாத்தியின் கொக்குகளும், அதற்கப்பால் கடலின் ஒரு கீற்றுமாக, ஒவ்வொரு வரப்பும் தனித்தனியே, கோணல் எது நேர் எது என்று தெரியும்படி அவள் கண்முன் விரிந்து கிடந்தது. அவள் விழாமல் நடக்கக்கூடிய அந்த வரப்புகளில் ஒன்றின்மீதும் அவள் இனி நடக்கக்கூடாது என்றிருந்தது.

அங்கேயே இருந்தாள். பேச்சித்தாய் உச்சி வேளையில் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். கொம்பையா ஒரு பாயும் தார்ப்பாயும் கொண்டுவந்து, கூரை போன பக்கத்தில் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு, அக்காளின் முகத்தைப் பார்க்காமல் போனான். லாரி ஓட்டுநர்கள் அந்தச் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை இல்லாத நிழல் அங்கே கிடப்பதைக் கண்டு வண்டியை நிறுத்திப் படுத்தார்கள். அவர்களுக்கு அவள் மோர் விற்றாள். பிறகு அளத்து ஆட்களும் வரத் தொடங்கினார்கள். பாத்தியில் நிழலே கிடையாது. மதியச் சோற்றை வெயிலில் நின்றுகொண்டே தின்று பழகியவர்கள், வரப்பு வழியாகச் சாலைக்கு ஏறி, அவள் மங்கலுக்குள் உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனார்கள். அளத்துக்குள் வரக்கூடாத ஒன்றிடம் அளமே தினந்தோறும் போய்வந்தது.

முதல்நாள் பேச்சித்தாய் வாளியை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். மற்றவர்களின் மங்கலுக்குள் அவள் தலைநீட்டியிருக்கிறாள். இது அப்படி இல்லை. தன் கையில் இருந்த வாளி இல்லை. கை இல்லை. மேலே எங்கோ வெயில் இருக்கும் இடத்தில் ஒரு பழுப்பு, அவ்வளவே.

"மதினி."

"இங்கதான் இருக்கேன். உக்காரு."

"இதத் தலையில வச்சுக்கிட்டா நீங்க கூடை சொமந்திய?"

"இந்தப் பக்கம் வா. இங்க கொஞ்சம் வெளிச்சம் இருக்கு."

பேச்சித்தாய் வரவில்லை. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, குழம்புக்காகவும் குடத்துக்காகவும் தான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்து அழுதாள் என்று தெற்கு வரிசையார் சொல்வார்கள். வடக்கு வரிசையார் அவள் அழவில்லை என்றும், "இன்னிக்கு நானே உப்பு பாத்துப் போட்டேன், தின்னுங்க" என்று மட்டும் சொன்னாள் என்றும் சொல்வார்கள்.

அப்படி ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்தார்கள், சோற்றைத் தடவித் தடவித் தின்றார்கள், எழுந்து போனார்கள். அணைஞ்சபெருமாள் மட்டும் வரவில்லை. அவர் எந்த மங்கலுக்குள்ளும் போனதில்லை; கங்காணி நிழலில் உட்கார்ந்தால் அளத்தில் யாரும் நிற்கமாட்டார்கள் என்பது அவர் கொள்கை. புரட்டாசியில் ஒரு நாள் வெயில் இறுகிப்போய்க் காற்றும் இல்லாதபோது, ஆட்கள் எல்லோரும் சாலைக்கு ஏறிப்போனதைக் கண்டு, அவர்களை அழைத்துவர அவரே வந்தார்.

மங்கலுக்கு உடையவள் அதற்குள் இருந்தாலும் அவளுக்கு மட்டும் அது மறைப்பதில்லை. எனவே சந்தனமாரி அவர் வருவதை வெகுதூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை ஆண்டுகளும் அவருடைய குரலை மட்டுமே அறிந்தவள், அவர் நடையை அன்றுதான் கண்டாள். அவர் வரப்பின் மேல் ஒவ்வோர் அடியையும் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, பிறகே பாதத்தை வைத்து வந்தார். சாலையில் ஏறும் இடத்தில் கையை ஒருமுறை முன்னால் நீட்டினார். அவர் அருகில் வந்தபோது, அவர் கண்கள் இரண்டும் குழம்பில் வெந்த மீனின் கண்ணைப்போல இருப்பதை அவள் கண்டாள்.

"ஏல, தின்னது போதாதா? எந்திரிங்க," என்றார் அவர், மங்கலுக்குள் வந்து நின்று.

"கொஞ்சம் உக்காருங்க அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய். "நாங்க எல்லாரும் உக்காந்து பாத்துட்டோம். எங்க மதினி என்ன லச்சணத்துல ஒங்களுக்கு ஒழச்சாவன்னு நீங்களும் பாருங்க."

அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். தலையைத் திருப்பி அளத்தின் பக்கம் பார்த்தார். கடலின் பக்கம் பார்த்தார். தம் உள்ளங்கையைத் தூக்கிப் பார்த்தார். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என்ன பாக்கணும்ங்கிய?" என்றார். "எப்பவும்போலத்தான இருக்கு."

தின்றுகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த அமைதி நெடுநேரம் இருந்ததால், அதற்குள் என்ன இருக்கிறது என்பது மெல்ல மெல்ல அவருக்கு எட்டியது. அவர் எழுந்தார். மங்கலுக்கு வெளியே, வெயிலுக்குள் நடந்து போய் நின்று, அளத்தைப் பார்த்தார். உள்ளே வந்து பார்த்தார். மறுபடி வெளியே போனார். வெயில் உடம்பில் பட்டபோதுதான் அது வெளி என்று அவருக்குத் தெரிந்தது என்பதை, பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் அறிந்தார்கள். ஒருவரும் அவரை அழைக்கவில்லை, அவர் தாமே திரும்பி வந்து அதே ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டு கண்ணையும் ஒண்ணாப் பண்ணுவாவளா?" என்று கேட்டார், யாரைப் பார்த்தும் அல்லாமல்.

"ஒண்ணொண்ணாத்தான் அண்ணாச்சி," என்றாள் சந்தனமாரி. "எனக்கும் இன்னொண்ணு பாக்கி இருக்கு. அடுத்த பஸ்ஸுக்குச் சேந்தே போவோம்."

"போயிட்டு வந்தா இங்கதான."

"இங்கதான் அண்ணாச்சி. நீங்க சொன்னதுதான."

அதை அவள் குத்தலாகச் சொல்லவில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாழ்நாள் முழுதும் யார் எங்கே நிற்பது என்று தீர்மானித்தே பழகியவர், அப்போதும் அதையேதான் செய்தார். பெஞ்சின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் தடவி, சாண் சாணாக அளந்துகொண்டே போய், சந்தனமாரியின் சேலையில் கை படும் முன் நிறுத்திக்கொண்டார்.

"இது பத்தாது," என்றார். "மழைக்கு முன்னால அந்தப் பக்கமும் ஒரு கொட்டாய் இழுக்கணும்."